பன்னிரண்டு நாளும் ஒரு நாளும்

2019 பிப்ரவரி 12 அன்று பொள்ளாச்சிப் பக்கம் ஒரு காருக்குள் நடந்த கொடுமை, பிப்ரவரி 24 அன்றுதான் காவல் நிலையத்தில் புகாரானது. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள் நடந்த கொடுமை, மறுநாளே கோட்டூர்புரம் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டது. அங்கே பன்னிரண்டு நாள். இங்கே ஒரு நாள். புகார் கொடுத்த இருவருமே கல்லூரி மாணவிகள். இரண்டு வழக்கிலும் குற்றம் நிரூபணமானதாக 2025 மே மாதத்தில், பதினைந்து நாள் இடைவெளியில், தீர்ப்பு வந்தது.

காஞ்சிபுரத்தில் கல்லூரி மாணவிகளுக்குப் பாடம் எடுப்பது என் வேலை. அந்த மே மாதம் வரதர் கோவில் பிரம்மோற்சவக் கூட்டம் ஊரை நிறைத்திருந்தது. கல்லூரிக்கு விடுமுறை. இரண்டு தீர்ப்புச் செய்திகளையும் கத்தரித்து மேசைமேல் அருகருகே வைத்துப் பலமுறை படித்தேன். ஊரெல்லாம் தண்டனையைப் பற்றித்தான் பேச்சு. சாகும்வரை ஆயுள் என்றார்கள், ஜூன் பிறந்ததும் முப்பது வருஷத்துக்குக் குறையாமல் என்றார்கள். எனக்கோ அந்த நாள் கணக்குதான் மனசைவிட்டு அகலவில்லை. பன்னிரண்டு நாள் அந்தப் பெண் எதைச் சுமந்துகொண்டு நடமாடியிருப்பாள்? மற்றவள் ஒரே நாளில் அதை எப்படி இறக்கி வைத்தாள்? மாணவிகளுக்கு விழிப்புணர்வு வேண்டும் என்று வருஷத்துக்கு இரண்டு கூட்டம் போடுகிறோம். அந்தக் கூட்டங்களில் இந்தக் கேள்வியை ஒருவரும் எடுத்ததில்லை, நான் உட்பட.

முதலில் பொள்ளாச்சி. அந்தப் பெண்ணுக்குப் பத்தொன்பது வயது. அழைத்தவன் தெரிந்தவன். பேச வேண்டும் என்று கூப்பிட்டு, காரில் ஏற்றி, வழியில் இன்னும் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பலாத்காரம் செய்ய முயன்று, படமும் எடுத்தார்கள். அவள் கூச்சல் போட, நடுவழியில் இறக்கிவிட்டுப் போனார்கள். அவள் வீட்டுக்கு வந்தாள், யாரிடமும் சொல்லவில்லை. மிரட்டல் தொடர்ந்தபோது கடைசியில் அண்ணனிடம் சொன்னாள். அண்ணனும் அவருடைய நண்பர்களும் அந்த ஆட்களைத் தேடிப் பிடித்தபோதுதான், கைப்பேசிகளில் வேறு பெண்களின் காணொலிகளும் இருப்பது தெரியவந்தது. 2016 முதலே அந்தக் கும்பல் இதையே தொழிலாக வைத்திருந்தது பின்னால் வெளிப்பட்டது. வருஷக்கணக்காக எத்தனையோ பெண்கள் வாய் திறக்கவில்லை. இவள் பன்னிரண்டாம் நாள் திறந்தாள். மற்றவர்களின் மௌனத்தோடு வைத்துப் பார்த்தால் அந்தப் பன்னிரண்டு நாள் தாமதமே அல்ல. அந்தக் கும்பலிடம் அதற்கு முன் சிக்கிய யாரும் எடுக்காத துணிவு அது.

இனி கிண்டி. இரவு எட்டு மணிவாக்கில், வளாகத்துக்குள் ஒரு கட்டடத்தின் அருகில், மாணவி ஒருவர் தன் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தார். கோட்டூர்புரம் பக்கம் பிரியாணிக் கடை நடத்திவந்த ஞானசேகரன் உள்ளே நுழைந்து, இருவரையும் படம் பிடித்ததாகச் சொல்லி மிரட்டி, நண்பரை அடித்து விரட்டிவிட்டு, அந்தப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்தான். மறுநாள் புகார். அதற்கு மறுநாள் கைது. ஐந்து மாதத்தில் விசாரணை முடிந்து, மே 28 அன்று சென்னை மகளிர் நீதிமன்ற நீதிபதி எம். ராஜலட்சுமி அவனைப் பதினொரு குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி என்றார். ஜூன் 2 அன்று ஆயுள் தண்டனை. முப்பது வருஷத்துக்குச் சலுகை எதுவும் கிடையாது.

பொள்ளாச்சிக்கு ஆறு வருஷமும் மூன்று மாதமும் ஆனது. வழக்கு உள்ளூர்க் காவலிலிருந்து சி.பி.சி.ஐ.டி.க்கும், அங்கிருந்து சி.பி.ஐ.க்கும் போனது. கோவை மகளிர் நீதிமன்ற நீதிபதி ஆர். நந்தினி தேவி 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் சிறை விதித்தார். எட்டுப் பெண்களுக்கு மொத்தம் 85 லட்சம் ரூபாய் இழப்பீடு. விசாரிக்கப்பட்ட 48 சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. இந்த எண்ணைத்தான் நான் மாணவிகளிடம் மறுபடி மறுபடி சொல்கிறேன். கல்யாணம் ஆகிப் போனவர்களும் வேலைக்குப் போனவர்களும் அதில் இருந்திருப்பார்கள்; ஆறு வருஷத்தில் எவ்வளவோ மாறியிருக்கும். ஆனாலும் சொன்ன சொல்லிலிருந்து ஒருவரும் பின்வாங்கவில்லை. கால அளவை மட்டும் வைத்து ஒன்றை நல்ல வழக்கு, மற்றதை மோசமான வழக்கு என்று சொல்லிவிட முடியாது. அங்கே ஒன்பது பேர், எட்டுப் பெண்கள், பல வருஷத்துக் குற்றம். இங்கே ஒருவன், ஒரு பெண், ஒரு இரவு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும்போது முதலில் கண்ணில் படுவது, இரண்டு இடத்திலும் ஆயுதம் ஒன்றுதான் என்பது. கத்தி அல்ல, கைப்பேசி. அதிலும் படம் எடுத்தது பாதி மிரட்டல்தான். படத்தை யாரிடம் காட்டுவேன் என்று சொன்னதுதான் மீதிப் பாதி. கிண்டியில் அவன் சொன்னது, கல்லூரியில் காட்டி டி.சி. கொடுக்க வைப்பேன், அப்பாவிடம் காட்டுவேன் என்று. கவனித்துப் பாருங்கள். ஒரு குற்றவாளி, தான் குற்றம் செய்ததற்கான சாட்சியத்தைத் தானே கையில் வைத்துக்கொண்டு, அதைப் பெண்ணின் அப்பாவிடமே காட்டுவேன் என்கிறான். தன்னைவிட அவளுக்குத்தான் அதனால் கேடு என்று அவனுக்கு நிச்சயமாகத் தெரிகிறது. அந்த நிச்சயத்தை அவனுக்குக் கொடுத்தது யார்? வீடும் கல்லூரியும். நாங்கள்தான்.

பொள்ளாச்சியில் வெளிவந்த ஒலிப்பதிவை இன்னும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதில் ஒரு பெண் தன்னைத் துன்புறுத்துகிறவனை "அண்ணா" என்று அழைத்துக் கெஞ்சுகிறாள். நம் பெண்களுக்கு நாம் கற்றுக்கொடுத்த பாதுகாப்பு அது ஒன்றுதான். தெரியாத ஆணை அண்ணா என்று கூப்பிடு, மரியாதையாக நடந்துகொள்வான். பஸ் கண்டக்டர் அண்ணா, ஆட்டோ அண்ணா, ஜெராக்ஸ் கடை அண்ணா. பெரும்பாலும் அது பலித்தும் இருக்கிறது. அந்தக் காருக்குள் பலிக்கவில்லை.

அதே வழக்கில் நிஜ அண்ணன் ஒருவர் இருந்தார். தங்கை சொன்னதைக் கேட்டவர். "நீ ஏன் போனே?" என்று அவர் கேட்டாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டிருந்தாலும் அதோடு நிற்கவில்லை. புகார் கொடுத்ததற்காகப் பிறகு அவரையே ஆள் வைத்து அடித்தார்கள். அப்படியும் வழக்கு நின்றது. கிண்டியிலோ அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு நண்பர் இருந்தார். நடந்ததை முதலிலிருந்து விளக்கிச் சொல்லி நம்பவைக்க வேண்டிய தேவை இல்லாத ஒருவர். அந்த ஒரு நாளுக்கும் பன்னிரண்டு நாளுக்கும் இடையிலுள்ள பெரிய வித்தியாசம் அதுதான் என்று நான் நினைக்கிறேன். சட்டம் எது, பிரிவு எது, எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதெல்லாம் அதற்குப் பிறகு வருகிறவை. முதலில் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஆனால் ஊர் என்ன செய்தது? கிண்டிச் செய்தி வந்த மறுநாள் எங்கள் ஆசிரியர் அறையிலேயே எழுந்த பேச்சு, "ராத்திரி எட்டு மணிக்கு ஒரு பையனோட அங்க என்ன வேலை?" என்பதுதான். எந்த நண்பர் உடனிருந்ததால் அவள் தனியாகிப் போகவில்லையோ, அந்த நண்பரையே அவளுக்கு எதிரான சாட்சியமாக ஆக்கிவிட்டோம். இந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே வாசலில் அசைன்மென்ட் நோட்டோடு நின்றிருந்த மாணவி நாளைக்கு யாரிடம் போய்ச் சொல்வாள்?

கிண்டி வழக்கின் முதல் தகவல் அறிக்கையிலேயே அந்த வாடை இருந்தது. அதை எழுதியிருந்த விதம் பாதிக்கப்பட்ட பெண்ணையே குறை சொல்வதாக இருக்கிறது என்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியமும் வி. லட்சுமிநாராயணனும் 2024 டிசம்பர் 28 அன்று கடுமையாகக் கண்டித்தார்கள். பெண் ஓர் ஆணோடு பேசியதையோ அந்நேரம் அங்கே இருந்ததையோ குற்றம்போலப் பேசக் கூடாது என்றார்கள். மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவையும் அமைத்தார்கள்.

இன்னொரு ஒற்றுமை உண்டு. நினைக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பொள்ளாச்சியில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே பத்திரிகையாளர்களிடம் பேசும்போது அந்தப் பெண்ணின் பெயரைச் சொன்னார். வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றிய அரசாணையிலும் அடையாளம் இருந்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை எந்த வகையிலும் வெளியிடக் கூடாது, இத்தகைய முதல் தகவல் அறிக்கைகளைப் பொதுவெளியில் வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் நிபுண் சக்சேனா வழக்கில் சொன்னது 2018 டிசம்பர் 11 அன்று. அப்போது அதற்கு ஏறத்தாழ மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, அந்தப் பெண்ணுக்கு அரசு 25 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றது. ஐந்து வருஷம் கழித்து கிண்டி வழக்கில் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் வெளியாகி, பெயரும் முகவரியும் கைப்பேசி கைப்பேசியாகச் சுற்றியது. பழைய தண்டனைச் சட்டத்திலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவுக்கு மாறும்போது கணினியில் ஏற்பட்ட கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். மறுபடியும் உயர் நீதிமன்றம், மறுபடியும் 25 லட்சம். தொகைகூட மாறவில்லை.

புகார் கொடுத்தால் பெயர் வெளியே வராது என்று எத்தனை கூட்டத்தில் சொல்லியிருக்கிறோம்! கிண்டிக்குப் பிறகு நடந்த கூட்டம் ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அப்படித்தான் சொன்னாங்க, ஆனா வந்துச்சே மேம்?" என்று கேட்டாள். மேடையில் இருந்த நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெளியிட்டவர் மீது வழக்குப் போட முடியும், நீதிமன்றம் இழப்பீடு வாங்கித் தந்தது என்றெல்லாம் சொன்னேன். எல்லாம் உண்மை. ஆனால் அவள் கேட்டது அதையல்ல.

இந்த இடத்தில் எங்கள் ஊரைச் சொல்ல வேண்டும். அறிஞர் அண்ணா பிறந்த ஊர் இது. கிண்டியில் இருக்கிற பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. அதன் உறுப்புக் கல்லூரி ஒன்று இங்கேயும் இருக்கிறது. அதனால் அந்தச் செய்தி எங்கள் மாணவிகளுக்குப் பக்கத்து வீட்டுச் செய்திபோல வந்து சேர்ந்தது. பச்சையப்பன் மகளிர் கல்லூரி முதல் ஏனாத்தூர் வரை, காலையில் காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் வந்திறங்கும் பெண்களைப் பார்த்தால் தெரியும். உத்திரமேரூர், வாலாஜாபாத், செய்யாறு என்று நாலாபக்கத்திலிருந்தும் கட்டணமில்லாப் பேருந்தில் வருகிறார்கள். புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வாங்குகிறவர்கள் ஏராளம். வீட்டில் முதல்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பாதிக்கு மேல் என்பது என் வகுப்பறைக் கணக்கு. இவர்களுக்குப் படிப்பு என்பது எந்த நேரமும் பறிபோகக்கூடிய ஒன்று. வீட்டில் ஒரு சின்ன சந்தேகம் எழுந்தால் போதும். "படிச்சது போதும், அத்தை பையன் இருக்கான்" என்று முடிந்துவிடும். "அப்பாகிட்ட சொல்லிடுவேன்" என்ற மிரட்டல் இவர்களிடம் பலிப்பது இதனால்தான். கொடுமையைவிட, கொடுமைக்குப் பின் வீடு எடுக்கப்போகும் முடிவுக்கு அதிகம் பயப்படுகிறார்கள். 2023 ஜனவரியில் எங்கள் ஊர் எல்லையிலேயே, நண்பரோடு பேசிக்கொண்டிருந்த கல்லூரி மாணவி ஒருவர் ஒரு கும்பலிடம் சிக்கினார். அந்தப் பெண் புகார் கொடுத்தார், ஆட்கள் பிடிபட்டார்கள். அந்தப் பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்தபோது, என் வகுப்பில் இரண்டு பெண்கள் திரும்பி வரவில்லை. அவர்களுக்கு எதுவும் நடக்கவில்லை. செய்தியைப் படித்த வீட்டார் நிறுத்திவிட்டார்கள்.

என் தவறு ஒன்றையும் இங்கே வைக்க வேண்டும். பெயர் தேவையில்லாத ஒரு கல்லூரியில், நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆன காலம். விழிப்புணர்வுக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் துப்பட்டா முனையை விரலில் சுற்றியபடி வந்து, "மேம், என் ஃப்ரெண்டு ஒருத்திக்கு ஒரு பிரச்சினை" என்றாள். ஃப்ரெண்டுக்கு என்று சொன்னாலே யாருக்கு என்று தெரிந்துகொள்ள வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை. "அவ அம்மாகிட்ட சொன்னாளா?" என்று கேட்டேன். நல்ல எண்ணத்தோடுதான் கேட்டேன். அந்தப் பெண்ணின் விரல் சுற்றுவதை நிறுத்தியது. "இல்ல மேம், அது சும்மா ஒண்ணும் இல்ல" என்று போய்விட்டாள். மறுபடி வரவே இல்லை. என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எந்த நாளில் அவள் யாரிடம் சொன்னாள், அல்லது சொல்லவே இல்லையா? பொள்ளாச்சியின் பன்னிரண்டு நாளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த விரல்தான் நினைவில் வருகிறது.

முதலில் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்பது சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2013இல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் வந்தது. கல்லூரிகளுக்கென்றே பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 ஒழுங்குமுறைகள் வந்தன. அதன்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். தலைமை ஏற்பவர் மூத்த பெண் ஆசிரியர். பாதிப் பேராவது பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் மாணவர்கள் தேர்ந்தெடுத்த மூன்று மாணவப் பிரதிநிதிகள். துறைத் தலைவர், பதிவாளர்போல நிர்வாகப் பதவியில் இருப்பவர்கள் உறுப்பினராக இருக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குள் புகார். காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம். தொண்ணூறு நாளில் விசாரணை முடிய வேண்டும். பாதிக்கப்பட்டவர் உடலாலோ மனத்தாலோ தானே புகார் கொடுக்க முடியாத நிலையில் இருந்தால் தோழி, உறவினர், சக மாணவர், மனநல ஆலோசகர் என்று யாரும் அவருக்காகக் கொடுக்கலாம். இந்தக் கடைசி விதியைக் கூட்டங்களில் யாரும் வாசித்துக் காட்டுவதில்லை. முதலில் கேட்கிற ஆளுக்குச் சட்டம் கொடுத்திருக்கிற நாற்காலி அது.

குழு என்பது பல இடங்களில் சுவரில் ஒட்டிய ஒரு தாள். போன வருஷம் ஓய்வுபெற்ற ஆசிரியரின் கைப்பேசி எண் அதில் இன்னும் இருக்கும். மாணவப் பிரதிநிதிகள் என்று மூன்று பெயர் இருக்கும். அந்த மூவருக்கே அது தெரியாது. இதைக் குறையாகச் சொல்லிவிட்டு நான் தப்பிக்க முடியாது, அப்படி ஒரு தாளில் என் பெயரும் இருந்திருக்கிறது.

பொள்ளாச்சியையும் கிண்டியையும் மட்டும் வைத்துப் பேசுவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டிலும் குற்றவாளிகள் கல்லூரிக்கு வெளியே இருந்து வந்தவர்கள். அப்படிப்பட்டவனைக் கண்டிக்கக் கல்லூரிக்கு எந்தச் சங்கடமும் இல்லை. உள்ளே இருக்கிற ஆசிரியர்மீது புகார் வந்தால்தான் நிறுவனத்தின் குரல் மாறுகிறது. 2023 மார்ச் கடைசியில் சென்னை கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி நுண்கலைக் கல்லூரி மாணவிகள் வளாகத்திலேயே உட்கார்ந்து போராடியது நினைவிருக்கும். ஏறத்தாழ தொண்ணூறு பேர் மாநில மகளிர் ஆணையத்திடம் புகார் கொடுத்தார்கள். ஏப்ரலில் ஆசிரியர் ஒருவர் கைதானார். எங்கள் ஊர் நெசவாளர்களுக்குக் கலாக்ஷேத்ரா என்றால் அகலக் கரைச் சேலை. பழைய காஞ்சிபுரக் கரைகளைத் தேடி எடுத்து மறுபடி நெய்யவைத்தவர் ருக்மிணி தேவி. அந்த இடத்து மாணவிகள் தரையில் உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளையார்பாளையத்தில் தறிக்காரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அவ்வளவு பேர் சேர்ந்து சொன்னாத்தான் கேப்பாங்களா டீச்சர்?" தேசியக் குற்ற ஆவணங்களை எடுத்துப் பார்த்தால், பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் செய்தவன் பெண்ணுக்குத் தெரிந்தவன். மதில் ஏறிக் குதித்து வருகிறவனுக்குப் பயந்து மதிலை உயர்த்துகிறோம்; அது வேண்டியதுதான், ஆனால் தெரிந்தவனை எந்த மதிலும் தடுக்காது.

தண்டனையைக் கூட்டியாயிற்று. 1998இல் சென்னையில் கல்லூரி மாணவி ஒருவர் ஈவ் டீசிங்கால் உயிரிழந்தபோது அவசரச் சட்டம் வந்து, பிறகு பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டமாக ஆனது. கிண்டிக்குப் பிறகு 2025 ஜனவரியில் அதே சட்டத்தின் தண்டனைகளைச் சட்டப்பேரவை கடுமையாக்கியது. ஒவ்வொரு முறையும் ஒரு பெண் பாதிக்கப்பட்ட பிறகு ஒரு சட்டம். வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பொள்ளாச்சிக்குப் பின் கோவைப் பக்கம் எடுத்த ஒரு சின்ன முயற்சிதான் எனக்கு இவற்றைவிடப் பெரிதாகத் தோன்றுகிறது. 2022இல் கோவை மாநகரக் காவல்துறை கல்லூரிகளுக்கு "போலீஸ் அக்கா" என்று பெண் காவலர்களை நியமித்தது. ஒவ்வொரு கல்லூரிக்கும் முகம் தெரிந்த ஒரு பெண் காவலர். அவரே கல்லூரிக்கு வந்து மாணவிகளோடு உட்கார்ந்து பேசுவார். அண்ணா என்ற சொல் பொய்த்துப்போன அதே கொங்கு மண்ணில், அக்கா என்ற சொல்லைக் காக்கிச் சட்டைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். காவல் நிலையத்துக்குள் போகக் கால் வராத பெண், அக்காவுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புவாள்.

கேட்கிறவர் தெரிந்துவைத்திருக்க வேண்டியது அதிகமில்லை. குளிக்கச் சொல்லாதே, உடுத்திய துணியைத் துவைக்காதே, காகித உறையில் எடுத்து வை. அரசு மருத்துவமனையோ தனியாரோ, எங்கே போனாலும் இலவசமாக முதல் சிகிச்சை கொடுத்தாக வேண்டும். இரண்டு விரல் பரிசோதனை செய்ய மருத்துவருக்கு உரிமை இல்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. நாள் கடந்துவிட்டது என்பதற்காக வன்கொடுமைப் புகாரை மறுக்க முடியாது. பன்னிரண்டாம் நாள் கொடுத்த புகாரில்தான் ஒன்பது பேர் சிறைக்குப் போனார்கள். படத்தை வைத்து மிரட்டினால் அந்த மிரட்டல் செய்தியை அழிக்காதே, 1930க்கு அழை. 181 எந்த நேரமும் எடுப்பார்கள். இவ்வளவையும் ஒரு பஸ் பாஸின் பின்பக்கம் எழுதிவிடலாம். நாங்கள் இதைப் பெண்களிடம் மட்டும் சொல்கிறோம். ஆண்கள் கல்லூரியில் இந்தக் கூட்டம் நடப்பது அபூர்வம். நடந்தாலும், செய்தால் என்ன தண்டனை என்று பயமுறுத்துவதோடு முடிந்துவிடுகிறது. பொள்ளாச்சியில் முதலில் கேட்டது ஓர் அண்ணன். கிண்டியில் அடிவாங்கியது ஒரு நண்பன். அந்தப் பையன்களுக்கு என்ன சொல்லிக்கொடுத்தோம்?

தாய்மார்களுக்கும்தான் என்ன சொல்லிக்கொடுத்தோம்? சென்ற ஆடியில் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளையார்பாளையத்தில் ஒடுக்கமான வீடு, நுழைந்ததும் தறிதான். குழிக்குள் காலை விட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். கோர்வைச் சேலை, உடல் மாம்பழ நிறம், கரை அரக்கு. உடலுக்கு ஒரு நாடா, கரைக்கு ஒரு நாடா. கரை நாடாவை வீசப் பக்கத்தில் அம்மா. அவர் உடல் நாடாவை அனுப்பியதும் இவர் கரை நாடாவை வீசுவார். இரண்டு நூலும் கோத்துக்கொள்ளும், பலகை அடிபடும், மறுபடி. ஒருவர் கை தாமதித்தால் கரை பிசகிவிடும் என்பதால் யாரும் தறியைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. முன்பெல்லாம் அந்த நாடாவைப் பிள்ளைகள்தான் வீசுவார்கள். மகள் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் லீவு நாளில் இங்கேதான் உட்கார்ந்திருப்பாள் என்றார் அம்மா. "அப்பல்லாம் எல்லாத்தையும் சொல்லிடுவா டீச்சர். மூஞ்சியப் பாக்காம பேசறதுல பிள்ளைங்களுக்குக் கூச்சம் இருக்காதில்ல? இப்ப காலேஜுக்குப் போயி வரா, போனோட உக்காந்துக்கறா."

நான் வந்த காரியத்தைச் சொன்னேன். பொள்ளாச்சியைச் சொன்னேன், கிண்டியைச் சொன்னேன். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார், கூச்சமாக இருந்திருக்கும். போகட்டும் என்று விட்டிருக்கக் கூடாது, அவரையும் உட்கார வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அம்மா நாடாவை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அவ அப்பிடி ஒரு நாளு வந்து நின்னா, நான் முதல்ல என்ன கேக்கணும்?"

"எங்க போனே, யாரோட போனேன்னு மட்டும் அந்த நேரத்துல கேக்காதீங்கம்மா."

அவர் தறிப் பலகையைத் தடவிக்கொண்டே யோசித்தார். சின்ன வயசில் மகள் தறிக்குழியில் விழுந்து நெற்றியைப் பிளந்துகொண்ட கதையைச் சொன்னார். அன்றைக்கு மூன்று தையல்.

"அடிபட்டு வந்த பிள்ளைகிட்ட எங்க வலிக்குதுன்னுதானே கேப்போம்" என்றார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "வாங்க, பாவு காயுது" என்று கணவரைக் கூப்பிட்டார்.